ஸ்பெக்ட்ரம் ஸ்னாப்ஷாட் ஒன்றிலிருந்து ஐந்தாண்டு மழைக் கணக்கை மீட்டெடுத்த அனுபவம்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த நண்பர் ஒருவர், காலமான தம் தந்தையின் பழைய கணினியில் கிடைத்த ஒரே ஒரு கோப்பை எனக்கு அனுப்பியிருந்தார். அவருடைய தந்தை 1984 முதல் 1988 வரை, வீட்டுத் தோட்டத்தில் வைத்திருந்த மழைமானியை நாள்தோறும் காலையில் பார்த்து, அந்த அளவைத் தம்மிடமிருந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினியில், பேசிக் மொழியில் தாமே எழுதிய நிரல் ஒன்றில் பதிந்துவந்திருக்கிறார். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நிரலும் தரவும் இருந்த கேசட்டை, பழைய கணினியைப் போலவே இயங்கும் எமுலேட்டர் என்னும் மென்பொருளில் ஏற்றி, அந்த நிலையை ஸ்னாப்ஷாட் கோப்பாகச் சேமித்துவிட்டு, கேசட்டுகளை வெளியே எறிந்துவிட்டார். குறிப்பேடு எதுவும் இல்லை. எஞ்சியிருந்தது 'இசட்80' என்னும் பின்னொட்டுக் கொண்ட அந்தக் கோப்பு மட்டும்தான்.

நண்பர் அதை ஃப்யூஸ் எமுலேட்டரில் திறந்து, நிரலை நிறுத்தி, ரன் கட்டளையைக் கொடுத்திருக்கிறார். மாத வாரியான அட்டவணை ஒழுங்காக வந்தது. ஆனால் ஐந்தாண்டுகளின் எல்லா நாள்களிலும் சுழியமே இருந்தது. தரவு அழிந்துவிட்டதென்று எண்ணி, நிரலையாவது காகிதத்தில் எடுத்துத் தர முடியுமா என்றுதான் முதலில் என்னிடம் கேட்டார்.

கோப்பில் தரவு அழியவில்லை, எமுலேட்டரின் நினைவகத்தில் அதை அந்த நேரத்தில் அழித்தவர் அவரேதான். ஸ்பெக்ட்ரமின் பேசிக்கில் ரன் என்பது நிரலைத் தொடங்கும் கட்டளை மட்டுமன்று. தொடங்குவதற்கு முன்பே அது கிளியர் கட்டளையின் வேலையையும் செய்து, எல்லா மாறிகளையும் துடைத்துவிடும். இந்த நிரலில் மழை அளவுகள், நிரலுக்குள்ளேயே எழுதப்படும் டேட்டா வரிகளில் இல்லை. ஓர் எண் அணியாக, அதாவது வரிசைப்படுத்திய எண்களின் தொகுப்பாக, மாறிகள் பகுதியில் இருந்தன. அந்தக் காலத்தில் நிரலையும் மாறிகளையும் சேர்த்தே கேசட்டில் சேமிக்க முடிந்ததால், பலர் நிரலையே தரவுக் கோப்பாகவும் பயன்படுத்திவந்தார்கள். ரன் என்பதற்குப் பதிலாக கோ டூ என்று கொடுத்து உரிய வரிக்குத் தாவியிருந்தால் எண்கள் அப்படியே இருந்திருக்கும். நல்ல வேளையாக, ரன் கொடுத்த பிறகு அவர் அந்தக் கோப்பின் மேலேயே மீண்டும் சேமிக்கவில்லை. முதல் வேலையாக அந்தக் கோப்பை எழுத முடியாதபடி பூட்டி, படி ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

கோ டூ கொடுத்துத் திரையில் பார்த்து எழுதிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். திரைக்கு ஒரு மாதம் வீதம் அறுபது திரைகள் வரும். அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்வதைவிட, கோப்பிலிருந்து நேரடியாகப் பிரித்தெடுப்பது பிழையற்றதாக இருக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பாதிதான் சரி என்பது பிறகு தெரிந்தது.

கோப்பின் உள்ளே

ஸ்னாப்ஷாட் என்பது ஒரு நிரலைச் சேமித்த கோப்பு அன்று. ஒரு கணத்தில் எந்திரம் எந்த நிலையில் இருந்ததோ அதன் முழு நகல் அது: செயலி அப்போது கையில் வைத்திருந்த மதிப்புகளான பதிவகங்கள் முன்னால், ரேம் என்னும் தற்காலிக நினைவகம் முழுவதும் பின்னால். 1982இல் வெளிவந்த ஸ்பெக்ட்ரமின் 48 கே வகையில் 16,384 என்ற முகவரி தொடங்கி 65,535 வரை ரேம். அதாவது 49,152 பைட்டுகள். (ஒரு கே என்பது 1,024 பைட்டுகள்.) அதற்குக் கீழே உள்ள 16 கே, கணினியின் அடிப்படை நிரல் இருக்கும் மாறாத ரோம். ரோம் ஸ்னாப்ஷாட்டில் இருக்காது. திரைப் படமும், கணினி தனக்காக வைத்துக்கொள்ளும் மாறிகளும், பேசிக் நிரலும், அதன் மாறிகளும், செயலி திரும்ப வேண்டிய முகவரிகளை வைக்கும் அடுக்கும் எல்லாம் அந்த 49,152 பைட்டுகளுக்குள் எங்கோ இருக்கின்றன. எங்கே என்பதைக் கோப்பு சொல்லாது. அந்த எந்திரத்தின் நினைவகத்தைத்தான் கேட்க வேண்டும்.

இசட்80 வடிவம், கெர்டன் லுண்டர் எழுதிய அதே பெயர் கொண்ட எமுலேட்டரிலிருந்து வந்தது. அதில் மூன்று பதிப்புகள் உண்டு. முதல் 30 பைட்டுகள் எல்லாவற்றுக்கும் பொது. அவற்றில் 6ஆம், 7ஆம் பைட்டுகள் செயலி அடுத்து நிறைவேற்ற வேண்டிய முகவரியைக் குறிக்கும். அந்த இரண்டும் சுழியமாக இருந்தால், இது முதல் பதிப்பு அல்ல, மேலும் ஒரு தலைப்பகுதி பின்னால் வருகிறது என்று பொருள். எனக்கு வந்த கோப்பில் இரண்டும் சுழியம். அடுத்து 30ஆம் இடத்தில் 23, 0 என்றிருந்தது. கூடுதல் தலைப்பகுதியின் நீளம் 23 என்றால் அது இரண்டாம் பதிப்பு. (மூன்றாம் பதிப்பில் அது 54 அல்லது 55 ஆக இருக்கும்.) ஆக 30, நீளத்தைச் சொல்லும் 2, கூடுதல் 23, மொத்தம் 55 பைட்டுகள் தாண்டித்தான் நினைவகம் தொடங்குகிறது. 34ஆம் பைட்டு எந்திரத்தின் வகையைச் சொல்வது. அதில் 1 என்றிருந்தது. இரண்டாம் பதிப்பில் இதற்கு 48 கே ஸ்பெக்ட்ரமுடன் இன்டர்ஃபேஸ் 1 என்னும் இணைப்புப் பெட்டி சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அதை நான் படித்தேன், குறித்தும் வைத்தேன், ஆனால் அதன் விளைவை யோசிக்கவில்லை.

இரண்டாம் பதிப்பில் நினைவகம் 16 கே கொண்ட பக்கங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் மூன்று பைட்டுகள்: சுருக்கிய நீளத்துக்கு இரண்டு, பக்க எண்ணுக்கு ஒன்று. 48 கே எந்திரத்தில் பக்கம் 8 என்பது 16,384இல் தொடங்குவது. பக்கம் 4 என்பது 32,768இலும், பக்கம் 5 என்பது 49,152இலும் தொடங்குபவை. எண்களுக்கும் இடங்களுக்கும் உள்ள இந்தத் தொடர்பு முதலில் விசித்திரமாகத் தோன்றும். 128 கே எந்திரத்தின் பக்கங்களுக்கும் அதே வடிவத்தில் இடம் தர வேண்டியிருந்ததால் வந்த ஏற்பாடு அது.

சுருக்கும் முறை மிக எளிது. ஒரே பைட்டு ஐந்து முறையோ அதற்கு மேலோ அடுத்தடுத்து வந்தால், 237, 237, எண்ணிக்கை, பைட்டு என நான்கு பைட்டுகளாக எழுதப்படும். இரண்டு 237கள் சேர்ந்து வந்தாலும் குழப்பம் நேராமல் இருக்க அவையும் அப்படியே சுருக்கப்படும். விரிப்பதற்கு இதைவிட எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பத்து வரிப் பைத்தான் நிரல் போதும். முதல் பதிப்பில் மட்டும், நினைவகம் முடிந்ததைக் காட்ட 0, 237, 237, 0 என்ற முடிவுக்குறி கடைசியில் இருக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன் முதல் பதிப்புக் கோப்புகளுக்காக நான் எழுதிவைத்திருந்த விரிப்பு நிரல் கைவசம் இருந்தது. 58ஆம் பைட்டிலிருந்து அதை ஓடவிட்டேன். 55ஐத் தாண்டி முதல் பக்கத்தின் மூன்று பைட்டுகளையும் கழித்தால் அந்த இடம்தான். பக்கங்கள் 8, 4, 5 என்ற வரிசையிலேயே இருந்ததால் ஒட்டுவதற்கும் வேலை இல்லை என்று நினைத்தேன். விரிந்து வந்தது 49,158 பைட்டுகள். வர வேண்டியது 49,152. ஆறு பைட்டுகள் அதிகம். கடைசியில் ஏதோ வால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அலட்சியமாக விட்டுவிட்டேன். இந்தப் பதிவில் வேறெதை மறந்தாலும் அந்த ஆறு பைட்டுகளை மறக்க வேண்டாம். அவற்றுக்குத் திரும்ப வருகிறேன்.

நிரல் எங்கே தொடங்குகிறது

ஸ்பெக்ட்ரமில் பேசிக் நிரல் 23,755ஆம் முகவரியில் தொடங்கும் என்பது அந்தக் கணினியில் வேலை செய்த எல்லோருக்கும் மனப்பாடம். அங்கே போய்ப் பார்த்தேன். வரி எண் என்று எடுத்தால் அறுபதாயிரத்துச் சொச்சம் வந்தது. ஸ்பெக்ட்ரமில் வரி எண் 9,999ஐத் தாண்டாது. முன்பின் சில பைட்டுகள் நகர்த்திப் பார்த்தும் பயனில்லை.

காரணம், சற்று முன் குறித்துவைத்த இன்டர்ஃபேஸ் 1தான். மைக்ரோடிரைவ் என்னும் சிறு நாடாச் சுருள்களை இணைப்பதற்காக 1983இல் வந்த அந்தப் பெட்டிக்குத் தனி ரோம் உண்டு. அது ஒருமுறை செயலுக்கு வந்துவிட்டால், தன்னுடைய மாறிகளுக்காக 23,734ஆம் முகவரியில் 58 பைட்டுகளை நுழைத்து, அதற்கு மேலிருக்கும் எல்லாவற்றையும் அத்தனை இடம் தள்ளிவிடும். ஆகவே மனப்பாட எண்ணை நம்பக் கூடாது. நிரல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கணினி 23,635ஆம் முகவரியில் தானே எழுதிவைத்திருக்கும். மாறிகள் பகுதியின் தொடக்கத்தை 23,627இல் எழுதிவைத்திருக்கும். இரண்டிலும் சிறிய பாதி முன்னும் பெரிய பாதி பின்னுமாக இரண்டு பைட்டுகள். 23,635இல் 5, 93 என்றிருந்தது. 93ஐ 256ஆல் பெருக்கி 5ஐக் கூட்டினால் 23,813. அதாவது 23,755உடன் 58. மாறிகளின் தொடக்கம் 8, 107, அதாவது 27,400. நிரலின் நீளம் 3,587 பைட்டுகள்.

நிரல் வரியின் அமைப்பை ஓர் எடுத்துக்காட்டால் காட்டுவது நல்லது. இருநூறாம் வரி 'ஐந்நூறுக்குப் போ' என்று சொல்லும் ஒரு கோ டூ வரி. அது நினைவகத்தில் இப்படி இருந்தது: 0, 200, 11, 0, 236, 53, 48, 48, 14, 0, 0, 244, 1, 0, 13. முதலிரண்டு பைட்டுகள் வரி எண். ஸ்பெக்ட்ரமில் மற்ற இரண்டு பைட்டு எண்களில் சிறிய பாதி முன்னால் வர, வரி எண்ணில் மட்டும் பெரிய பாதி முன்னால் வரும். அடுத்த இரண்டும் மீதி வரியின் நீளம், இங்கே 11. 236 என்பது கோ டூ என்ற முழுக் கட்டளைக்குமான ஒற்றைக் குறி. 53, 48, 48 ஆகியவை திரையில் தெரியும் '500' என்ற மூன்று இலக்கங்கள். அதன் பின் 14 என்ற குறியும், அதே ஐந்நூறு கணக்கிடத் தயாரான வடிவில் ஐந்து பைட்டுகளும் மறைந்திருக்கின்றன. கடைசி 13 வரியின் முடிவு.

இங்கே ஒரு குழி இருக்கிறது. 13ஐத் தேடி வரியை முடிக்க நினைத்தால், வரியில் பதின்மூன்று என்ற எண் எங்காவது வந்தவுடன் மறைந்திருக்கும் ஐந்து பைட்டுகளில் உள்ள 13ஐப் பார்த்துவிட்டு வரி பாதியிலேயே முறிந்துவிடும். நீளத்தை நம்பித்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும். இதில் நான் சிக்கவில்லை. முன்பே ஒருமுறை சிக்கியிருக்கிறேன்.

நிரலைப் பட்டியலிட நானே எழுத வேண்டிய தேவை உண்மையில் இல்லை. ஃப்யூஸுடன் சேர்ந்து வரும் கருவிகளில் 'லிஸ்ட்பேசிக்' என்பது ஸ்னாப்ஷாட்டைக் கொடுத்தால் நிரலை எழுத்தாகத் தந்துவிடும். ஸ்பெக்ட்ரம் நிரல்களை ஆராய்வதற்கான ஸ்கூல்கிட் தொகுப்பிலும் அதற்கு வழி உண்டு. என் பட்டியலை லிஸ்ட்பேசிக் தந்ததோடு ஒப்பிட்டேன்; ஒன்றாகவே இருந்தது. நிரலைப் படித்ததால்தான் அடுத்த வேலை சாத்தியமாயிற்று. எந்த அணி எதைக் குறிக்கிறது, ஆண்டிலிருந்து 1983ஐக் கழித்து முதல் வரிசை எண்ணாக வைக்கிறார், அளவு மில்லிமீட்டரில் இருக்கிறது, அங்குலத்தில் காட்டும்போது 25.4ஆல் வகுக்கிறார், அளவு சுழியத்துக்குக் கீழே இருந்தால் கூட்டலில் சேர்க்காமல் தாண்டுகிறார் என்பதெல்லாம் தரவில் இல்லை, நிரலில்தான் இருந்தது.

அணியைப் பிரித்தல்

27,400இல் இருந்த முதல் பத்துப் பைட்டுகள் இவை: 146, 91, 36, 3, 5, 0, 12, 0, 31, 0. மாறிகள் பகுதியில் ஒவ்வொரு மாறியின் முதல் பைட்டிலும் மேல் மூன்று பிட்டுகள் அது எந்த வகை என்பதையும், கீழ் ஐந்து பிட்டுகள் பெயரின் எழுத்தையும் சொல்லும். 146 என்பது 128உம் 18உம். 128 என்றால் எண் அணி. 18 என்றால் ஆங்கிலத்தின் பதினெட்டாம் எழுத்தான ஆர், மழையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 91, 36 என்பது நீளம், 9,307. அடுத்து மூன்று பரிமாணங்கள். ஐந்து, பன்னிரண்டு, முப்பத்தொன்று. ஐந்து ஆண்டுகள், பன்னிரண்டு மாதங்கள், முப்பத்தொரு நாள்கள். ஓர் உறுப்புக்கு ஐந்து பைட்டுகள் வீதம் 1,860 உறுப்புகளுக்கு 9,300. பரிமாண விவரத்துக்கு ஏழு. கணக்கு நேராகிறது. எண்கள் இப்படித் தாமாகவே ஒன்றையொன்று உறுதிசெய்து நிற்பதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சிக்காகவே இந்த மாதிரி வேலைகளைச் செய்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஐந்து பைட்டு எண்ணுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. முழு எண்ணாக இருந்து அளவும் சிறிதாக இருந்தால் முதல் பைட்டு சுழியம், இரண்டாவது குறி, அடுத்த இரண்டும் எண், கடைசி சுழியம். மூன்று மில்லிமீட்டர் மழை என்றால் 0, 0, 3, 0, 0. பின்னமாக இருந்தால் முதல் பைட்டு, இரண்டை எத்தனை முறை பெருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் அடுக்கெண். அதிலிருந்து 128ஐக் கழிக்க வேண்டும். மீதி நான்கும் பின்னப் பகுதி. அதன் முதல் பிட்டு எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் அந்த இடத்தைக் குறிக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். 132, 75, 51, 51, 51 என்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். 132இலிருந்து 128 போக நான்கு. 75இன் மேல் பிட்டு சுழியமாக இருப்பதால் எண் நேர்மமானது. அந்தப் பிட்டைத் திரும்ப ஒன்றாக்கினால் 203. 203, 51, 51, 51 என்பதை ஒரே எண்ணாகக் கொண்டு இரண்டின் 32ஆம் அடுக்கால் வகுத்தால் ஏறத்தாழ 0.79375, அதை இரண்டால் நான்கு முறை பெருக்க 12.7. பைத்தானில் சரியாகச் சொன்னால் 12.69999999925 என்று வருகிறது. ஸ்பெக்ட்ரம் எட்டு இலக்கங்களுக்கு மேல் காட்டாது என்பதால் திரையில் அது 12.7தான், அதற்கேற்ப நானும் ஒரு பின்ன இலக்கத்துக்கு முழுமையாக்கினேன். 12.7 என்பது சரியாக அரை அங்குலம்.

குறியைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டுத் தாண்டியது என் முதல் தவறு. சில நாள்களில் 65,535 மில்லிமீட்டர் மழை பெய்திருந்தது. அந்த உறுப்புகளில் 0, 255, 255, 255, 0 என்றிருந்தது. இரண்டாம் பைட்டான 255 எண் எதிர்மம் என்கிறது; அப்போது அடுத்த இரண்டு பைட்டுகளின் மதிப்பிலிருந்து 65,536ஐக் கழிக்க வேண்டும். கிடைப்பது மைனஸ் ஒன்று. மானியைப் பார்க்க முடியாத நாளுக்கு அவர் வைத்திருந்த அடையாளம் அது. மழை இல்லாத நாளையும், பார்க்காத நாளையும் அவர் கவனமாகப் பிரித்துவைத்திருக்கிறார்.

அதைத் திருத்திய பிறகு 1984 முழுவதும் நம்பத்தக்கதாக வந்தது, 1985உம் அப்படியே. 1986இல் நவம்பர் 17 வரை எல்லாம் சரி. நவம்பர் 18 முதல் எல்லாம் குலைந்தது. ஒரு நாள் மழை இருபது இலக்கங்களைத் தாண்டியது. மறுநாள் தசமப் புள்ளிக்குப் பின் இருபது சுழியங்களோடு ஓர் எண். கேசட் பழுதாக இருந்து, ஏற்றும்போதே தரவு கெட்டிருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டு, அந்த வழியில் ஒரு மாலை முழுவதையும் வீணடித்தேன். ஆனால் கேசட்டிலிருந்து ஏற்றும்போது ஒரு பிட்டு பிழையானாலும் ரோம் அதைக் கண்டுபிடித்துப் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். பாதி கெட்ட அணி அமைதியாக உள்ளே வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பிறகுதான் நவம்பர் 18இன் முகவரியைக் கணக்கிட்டேன். அணியின் உறுப்புகள் 27,410இல் தொடங்குகின்றன. கடைசிப் பரிமாணமான நாள்தான் விரைவாக மாறுவது. 1986 நவம்பர் 18க்கு முன் 1,071 உறுப்புகள் உள்ளன. அவை 5,355 பைட்டுகள். ஆகவே அந்த உறுப்பு 32,765இல் தொடங்கி 32,769இல் முடிகிறது. 32,768 என்பது பக்கம் 8 முடிந்து பக்கம் 4 தொடங்கும் எல்லை. அந்த ஒரே உறுப்பின் முதல் மூன்று பைட்டுகள் ஒரு பக்கத்திலும், மீதி இரண்டு அடுத்த பக்கத்திலும் இருக்கின்றன.

என் பழைய நிரல் முதல் பதிப்புக்கானது. முடிவுக்குறியைக் காணும் வரை அது ஓடும். இரண்டாம் பதிப்பில் முடிவுக்குறியே கிடையாது. பக்கத்தின் முன்னால் எழுதியிருக்கும் நீளம்தான் எல்லை. ஆகவே நிரல் பக்கம் 8ஐ விரித்துவிட்டு நிற்காமல், பக்கம் 4இன் மூன்று தலைப் பைட்டுகளையும் மழைத் தரவு என்றே எண்ணி விரித்திருக்கிறது. அங்கிருந்து எல்லாம் மூன்று இடம் நகர்ந்தது. பக்கம் 5இன் தலைப்பில் இன்னொரு மூன்று. இரண்டும் சேர்ந்தவைதான் நான் அலட்சியப்படுத்திய ஆறு பைட்டுகள்.

ஒவ்வொரு பக்கத்தையும் அதன் நீளத்துக்குள் மட்டும் விரித்து, பக்க எண்ணைப் பார்த்து உரிய முகவரியில் வைத்து, விரிந்தது சரியாக 16,384 பைட்டுகளாக இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும்படி நிரலைத் திரும்ப எழுதினேன். அதன் பின் ஐந்து ஆண்டுகளும் ஒழுங்காக வந்தன.

சரிபார்த்தல்

ஒரு முறை ஏமாந்த பிறகு, ஒழுங்காகத் தோன்றுவதை மட்டும் நம்பி விட மனம் ஒப்பவில்லை. மூன்று வழிகளில் சோதித்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது நாட்காட்டிச் சோதனை. அணி எல்லா மாதங்களுக்கும் முப்பத்தொரு இடம் ஒதுக்குகிறது. ஆனால் ஐந்தாண்டுகளில் உள்ள நாள்கள் 1,827 மட்டுமே. 1984உம் 1988உம் லீப் ஆண்டுகள். ஆகவே பிப்ரவரி 30, ஏப்ரல் 31 போன்ற இல்லாத நாள்களுக்கான 33 இடங்களில் எதுவும் பதிந்திருக்க முடியாது. அவை சுழியமாகவே இருக்க வேண்டும். திருத்திய நிரலில் 33உம் சுழியம். பழைய தவறான விரிப்பில் இதே சோதனையை ஓட்டிப் பார்த்தபோது, 1986 நவம்பருக்குப் பிந்தைய இடங்களில் பல சுழியமாக இல்லை. இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு மாலை மிச்சமாகியிருக்கும்.

அடுத்ததாக, ஃப்யூஸில் அந்தக் கோப்பைத் திறந்து, 'எஸ்என்ஏ' வடிவில் வேறு பெயரில் சேமித்தேன். அந்த வடிவம் சுருக்கமற்றது. 27 பைட்டுத் தலைப்பும் 49,152 பைட்டு நினைவகமுமாக மொத்தம் 49,179. முகவரியிலிருந்து 16,384ஐக் கழித்து 27ஐக் கூட்டினால் கோப்பில் உள்ள இடம் கிடைத்துவிடும். அதன் நினைவகத்தை என் விரிப்போடு பைட்டு பைட்டாக ஒப்பிட்டதில் சில இடங்கள் மட்டுமே வேறுபட்டன. 23,672இல் உள்ள மூன்று பைட்டுகள் நொடிக்கு ஐம்பது முறை கூடிக்கொண்டே போகும் எண்ணி. சேமிப்பதற்குள் அது நகர்ந்திருந்தது. அடுக்கின் அருகே இரண்டு பைட்டுகள் வேறுபட்டதற்குக் காரணம், எஸ்என்ஏ வடிவத்தில் செயலியின் முகவரிக்குத் தனி இடம் இல்லாததால் அதை அடுக்கிலேயே எழுதிவைப்பதுதான். நிரலிலும் அணியிலும் ஒரு பைட்டு கூட மாறவில்லை.

மூன்றாவதாக, எமுலேட்டரில் கோ டூ 500 கொடுத்து, அவருடைய நிரலே காட்டிய மாத மொத்தங்களில் பத்தை எடுத்து என் கூட்டலோடு வைத்துப் பார்த்தேன். பத்தும் பொருந்தின.

மழை அணிக்கு அடுத்து, 36,710இல் இன்னொரு அணி இருந்தது: 206, 133, 7, 2, 60, 0, 32, 0. இது எழுத்து அணி. அறுபது வரிசைகள், வரிசைக்கு முப்பத்திரண்டு எழுத்துகள். ஸ்பெக்ட்ரம் திரையின் அகலமும் முப்பத்திரண்டு எழுத்துதான். மாதத்துக்கு ஒரு குறிப்பு எழுத அவர் வைத்துக்கொண்ட இடம் அது. பெரும்பாலானவை வெற்று, சிலவற்றில் தோட்டத்துச் செய்திகள். எழுத்துக் குறிகள் ஏறத்தாழ ஆஸ்கி என்னும் பொதுவான எழுத்து எண்முறையை ஒத்தவை என்பதால் பிரிப்பதில் சிரமமில்லை. ஒரு குறிப்பில் மட்டும், புது மானியின் விலைக்கு முன்னால் சாய்ந்த மேற்கோள் குறி ஒன்று தனியாக நின்றது. 96 என்ற குறி ஆஸ்கியில் அதுதான். ஸ்பெக்ட்ரமில் அது பவுண்டுக் குறி. 127ஐயும் கவனிக்க வேண்டும், அது அங்கே பதிப்புரிமைக் குறி.

புது மானி வாங்கிய மாதம் 1987 நவம்பர். அதற்கு முந்தைய மாதத்தின் குறிப்பு 38,158இல் இருக்கிறது: பதினாறாம் தேதி பேரிக்காய் மரம் மானியின் மேல் விழுந்துவிட்டது என்று. 1987 அக்டோபர் 15ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் விடியும் வரை தென்கிழக்கு இங்கிலாந்தைச் சூறையாடிய பெரும்புயல் அது. கென்ட்டில் உள்ள செவன்ஓக்ஸ் ஊரின் பெயரை நினைவூட்டி நின்ற ஏழு ஓக் மரங்களில் ஆறு அன்றுதான் சாய்ந்தன. அணியில் அக்டோபர் 16இன் இடமான 34,460இல் 0, 255, 255, 255, 0. அந்த மாதம் முடியும் வரை அதேதான். அதே ஆண்டு ஜனவரியில் கடும்பனி பெய்த நாள்களிலும் மைனஸ் ஒன்று வரிசையாக நிற்கிறது. மானி உறைந்துவிட்டது என்று குறிப்பு சொல்கிறது. இவை இரண்டுமே 32,768க்கு அப்பால் இருப்பவை. அந்த மூன்று பைட்டு நகர்வைக் கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால், கேசட் கெட்டுவிட்டது என்று சொல்லி 1986 நவம்பரோடு கணக்கை முடித்திருப்பேன்.

அட்டவணையில் அந்த நாள்களின் கட்டங்களை வெற்றாக விடலாமா என்று நண்பரிடம் கேட்டேன். அப்பா எப்படி வைத்தாரோ அப்படியே மைனஸ் ஒன்றாகவே இருக்கட்டும் என்றார்.

அவர் மீண்டும் ரன் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, நிரலையும் மாறிகளையும் சேர்த்து, கேசட்டின் உள்ளடக்கத்தைக் கோப்பாக வைக்கும் டேப் வடிவிலும் செய்துகொடுத்தேன். அதில் முதலில் 17 பைட்டுத் தலைப்பு: வகை சுழியம், பத்து எழுத்தில் பெயர், தரவின் நீளம், தானாகத் தொடங்க வேண்டிய வரி, நிரலின் தொடக்கத்திலிருந்து மாறிகள் இருக்கும் தூரம். கடைசியாகச் சொன்னது 3, 14, அதாவது 3,587. மாறிகள் பகுதியின் முடிவைக் காட்டும் 128 என்ற பைட்டை நீளத்தில் சேர்க்கக் கூடாது. ஸ்பெக்ட்ரமும் சேமிக்கும்போது அதை விட்டுவிட்டுத்தான் எழுதும். ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் முந்தைய பைட்டுகள் அனைத்தின் எக்ஸ்ஓஆர், அதாவது பிட்டு பிட்டாக ஒப்பிட்டுக் கணக்கிடும் சரிபார்ப்பு மதிப்பு, ஒரு பைட்டாக வர வேண்டும். தொடக்க வரியாக 500ஐ வைத்தேன். இப்படி ஏற்றும்போது ஸ்பெக்ட்ரம் அந்த வரிக்குத் தாவுகிறதே தவிர மாறிகளைத் துடைப்பதில்லை. ஃப்யூஸில் ஏற்றியதும், எந்தக் கட்டளையும் கொடுக்காமலே 1984 ஜனவரி திரையில் வந்து நின்றது. மூலக் கோப்பு இன்னும் பூட்டிய நிலையிலேயே இரண்டு இடங்களில் இருக்கிறது.